எக்கோவைக் கொஞ்சம் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பேப்பரின் கடலூர்ப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஆறு சபைகளின் பெரியவர்கள் மேடையில் கை கோத்து நிற்கிறார்கள். கிறிஸ்தவர்கள் ஒருமனமாக ஜெபிக்க வேண்டும், உலகத்தைச் சபைக்குள் விடக்கூடாது என்று ஒரு போதகர் பேசியதாகக் கீழே செய்தி. படத்தின் இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் தெரிகிறது பாருங்கள், வலை ஒரு பக்கம் கிழிந்திருக்கும். அது என்னுடையது. அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட்டது நான்தான்.

செய்தியில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூட்டம் முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது, மேடையில் கை கோத்து நின்றவர்களில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் போன பிறகு இன்னொருவர். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த மாசம் எங்க கன்வென்ஷனுக்கு நீதான்பா. ஆமா, அவங்களுக்கு எத்தனை பாக்ஸ் வெச்சே?"

எட்டு என்று ஒருவருக்குச் சொன்னேன். அவர் பத்து கேட்டார். அடுத்தவருக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அவர் பன்னிரண்டு கேட்டார். ஆர்டரை இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டேன். எனக்கும் வீட்டில் அரிசி வேக வேண்டுமே.

கடலூர் முதுநகரில் 1989-இல் கடை போட்டேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு அகுஜா ஆம்பிளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், பாட்டுப் போட ஒரு கேசட் பிளேயர். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற கோயில், தர்கா சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம், காது குத்து என்று எல்லா இடத்துக்கும் போவேன். இப்போது நோட்டைப் புரட்டினால் பாதி ஆர்டர் சபைகள்தான். நான் லுத்தரன் என்கிற புராட்டஸ்டண்ட் சபை வீட்டுப் பிள்ளை. அப்பா டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர். வீட்டுக்காரி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக். தங்கச்சியைக் கொடுத்த இடம் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. தம்பி பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வருஷம் பதினைந்து ஆகிறது. கிறிஸ்துமஸ் மத்தியானம் எல்லாரும் பிரியாணி அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தால் எங்கள் வீட்டிலேயே ஒரு சர்வ சபை மாநாடு நடக்கும். அதனால் ஒரு சபையைத் தூக்கி இன்னொன்றை மட்டம் தட்ட எழுதுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் போதகர் நல்ல மனுஷன்தான். உலகம் என்றால் எது என்று அன்றைக்கு விளக்கிச் சொன்னார். சினிமா, சீரியல், செல்போன், நகை, வாலிபப் பிள்ளைகளின் தலைமுடி. முக்கால் மணி நேரம் போனது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே பந்தல் முகப்பில் பதினைந்து அடி ஃபிளெக்ஸ். அதில் அவரும் மற்ற ஐந்து பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே ஒரு மூலையில் சின்னதாக ஒரு சிலுவை. அவர் எடுத்துப் பேசிய வசனம் யோவான் எழுதிய முதல் நிருபத்தில் இருக்கிறது, உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்று. அதற்கு அடுத்த வசனத்தை அவர் வாசிக்கவில்லை. உலகத்தில் இருக்கிறவை எவை என்று யோவானே அங்கே சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் கடைசியாக வருவது ‘ஜீவனத்தின் பெருமை’. அதை நான் அந்த ஃபிளெக்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபைக்குள் உலகம் வந்தது பிள்ளைகளின் செல்போன் வழியாக என்று எனக்குத் தோன்றவில்லை. அது முன்வாசல் வழியாக, மாலை மரியாதையோடு வந்தது. வந்து கமிட்டி ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் ஒயர் இழுக்கிறவன், எல்லா அறைக்குள்ளும் போய் வருகிறவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு சபையில் கமிட்டித் தேர்தல். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், அங்கிருந்து இன்னும் எனக்குப் பாக்கி வர வேண்டியிருக்கிறது. இரண்டு அணி. தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு அணியுமே உபவாச ஜெபம் வைத்தார்கள். காலையில் ஓர் அணி சபை ஹாலில், சாயங்காலம் இன்னோர் அணி ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு. இரண்டுக்கும் நான்தான் மைக். அதே மைக், அதே ஸ்டாண்டு. காலையில் ஒரு பெரியவர் கண்ணீரோடு ஜெபித்தார்: "கர்த்தாவே, அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பைத்தியமாக்கிப்போடும்." சாயங்காலம் மாடியில் இன்னொரு பெரியவர், அவரும் கண்ணீரோடுதான், அதே அகித்தோப்பேலின் ஆலோசனையைப் பைத்தியமாக்கச் சொல்லிக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றை என்னவோ செய்தது.

பைபிள் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் அப்பாவுக்கு எதிராகக் கிளம்பினான். தாவீதின் மந்திரி அகித்தோப்பேல் மகன் பக்கம் போய்விட்டான். அதைக் கேள்விப்பட்ட தாவீது செய்த ஜெபம் அது. ஆக, இரண்டு அணியும் தங்களைத் தாவீது என்று நினைத்துக்கொண்டார்கள், எதிரே இருப்பவன் அகித்தோப்பேல். ஆனால் தாவீது அந்த ஜெபத்தைச் செய்தபோது மலைமேல் வெறுங்காலோடு அழுதுகொண்டு ஏறிப் போனான் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அன்றைக்குக் காலையிலும் சரி, சாயங்காலத்திலும் சரி, வெளியே வரிசையாகக் கார் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணினார்கள். கேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒரு பக்கம் பிரியாணிப் பொட்டலம். முடிவை அறிவிக்கப் போகிற நேரத்தில் யாரோ மைக் ஜாக்கைப் பிடுங்கினார்கள், இன்னொருவர் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார். மைக்கின் தலை நசுங்கியது. அதைத்தான் இன்னும் பாக்கி என்று சொன்னேன். தோற்ற அணி மூன்று மாதத்தில் வெளியே போய், கூப்பிடு தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தனி ஆராதனை ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் நான்தான் மைக். முதல் நாளே ஒருவர் வந்து காதோடு சொன்னார்: "ரெண்டு பாக்ஸை அந்தப் பக்கம் பாத்து வெச்சிடு." அந்தப் பக்கம் என்றால் பழைய சபை இருக்கிற பக்கம். வைத்தேன். என் பேரிலும் தப்பு இருக்கிறது.

எக்கோ விஷயத்துக்கு வருகிறேன். மிக்ஸரில் எக்கோ என்று ஒரு திருகு உண்டு. அதைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுகூட வானத்திலிருந்து இறங்கி வருவதுபோலக் கேட்கும். பேசுகிறவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் பார்த்த ஊழியக்காரர்களில் பெரும்பாலானவர்கள் மேடை ஏறியதும் முதலில் கேட்பது அதைத்தான், இரண்டு விரலை மேலே தூக்கிக் காட்டுவார்கள். எக்கோவைக் குறைக்கச் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்திருக்கிறேன். அவர் ஒரு வயதான ஆர்.சி. சாமியார். "தம்பி, நான் பேசுறது எனக்கே புரியணும்" என்றார். மலைப்பிரசங்கத்தில், ஜெபம் பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று இயேசு சொல்கிறார். எல்லாரும் அப்படியே செய்துவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கெடுதல் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். அப்புறம் சில வருஷம் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே நம் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைதான். அந்தச் சமயத்தில், 1749-இல், போஸ்கவன் என்ற கடற்படைத் தளபதி இங்கே இருந்த கத்தோலிக்கக் கோயிலை எடுத்து, கீர்நாண்டர் என்ற சுவீடன் நாட்டு லுத்தரன் மிஷனரியிடம் கொடுத்துவிட்டார். சாமியார்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்கிறார்கள் என்ற சந்தேகம் காரணம். 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தது, கீர்நாண்டர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். யாருடைய ஜெபத்தில் குறை என்று இதில் யாரும் பார்க்கவில்லை. இரண்டு கம்பெனிகளின் வியாபாரச் சண்டையில் ஒரு கோயில் கை மாறியது. என் மாமனார் வீட்டாருடைய கோயிலைப் பறித்து என் வீட்டார் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரி அவ்வப்போது குத்திக் காட்டுவாள். வீட்டுச் சண்டையில் இவ்வளவு பழைய ஆதாரம் வேறு யாருக்கும் கிடைக்காது.

புதுச்சேரிக்குப் போனால் இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே சம்பா கோயில் என்கிற கத்தோலிக்கக் கோயிலுக்கு உள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக்காரர்கள், மறு பக்கம் தாழ்த்தப்பட்ட மக்கள். அந்த மக்கள் கேட்ட பிறகுதான் அதை இடித்தார்கள். இடித்தது சரி, மனசில் இருந்தது இடியவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தனிக் கோயில் நிர்வாகம், வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு அங்கே நிலைமை இருந்தது. அந்தப் போதகர் சொன்ன வாலிபப் பிள்ளைகளின் தலைமுடிதானா சபைக்குள் வந்த உலகம்?

ஒரு கிராமத்துக்கு அடக்கத்துக்கு மைக் கட்டப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். கல்லறைத் தோட்டம் ஒன்று, நடுவில் சாதி பிரிக்கிற இடுப்பளவு சுவர். இரண்டு வாசல், இரண்டு சவ வண்டி. சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். குழாயைக் கட்ட அந்த மரத்தை விட்டால் வேறு உயரம் இல்லை. போதகர் ‘மண்ணுக்கு மண்’ என்று சொன்னது இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தில் கேட்டது. மறு பக்கத்தில் ஒரு கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அடக்கம் முடிகிற வரைக்கும் நின்றார். இந்தப் பக்கத்தில் இருந்த யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மரத்தின் மேலே இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

சேர்ந்து வந்த கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தங்கச்சி வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. என்பதால் அதை அவர் விடவே மாட்டார். சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனால் தரங்கம்பாடி. 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர். அங்கே 1919 மே மாதம் போதகர்கள் கூடினார்கள், பெரும்பாலும் நம் நாட்டுக்காரர்கள். முன்னால் நின்றவர் பேராயர் அசரியா, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியே இருந்து எங்கள் தலையில் வைத்தது, இதை வைத்துக்கொண்டிருக்க எங்களுக்கு ஆசையும் இல்லை என்று வெளிப்படையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் பேச்சு, பேச்சு, 28 வருஷம் பேச்சு. பேராயர் தலையில் கை வைத்து அபிஷேகம் பண்ணாத போதகரை ஏற்கலாமா கூடாதா என்பதிலேயே பல வருஷம் போனது. அசரியா 1945 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார், பலனைப் பார்க்கவில்லை. நாடு விடுதலையாகி ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. எங்கள் லுத்தரன்கள் சேரவில்லை. "அன்னைக்கு நீங்க வந்திருந்தா..." என்று மாப்பிள்ளை ஆரம்பிப்பார். "சேர்ந்த நீங்க இப்ப எத்தனை கேஸ் நடத்துறீங்க?" என்று நான் கேட்பேன். அதற்குள் தங்கச்சி பாயசம் கொண்டுவந்துவிடுவாள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மைக்கே இல்லாத இடத்தில் நான் பார்த்தது அது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. காற்றைவிட மழைதான் ஆளை அடித்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை கொள்ளாமல் வந்தது. வீட்டுக்காரியின் தங்கை குடும்பம் கண்டக்காட்டில். அவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லை. நான் கடையிலிருந்து ஒரு பேட்டரியும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வகுப்பறையில் முப்பது முப்பத்தைந்து பேர். ஈரப் பாய் வாடை, கொசு, அழுகிற குழந்தை. சாப்பாட்டு வண்டி வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லி மணி எட்டாகிவிட்டது.

அதில் எங்கள் ஆட்கள் ஒரு பன்னிரண்டு பேர் இருக்கலாம். ஒரு ஆர்.சி. பாட்டி, "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒரு ஜெபம் சொல்லலாம்" என்றார். சரி என்று எல்லாரும் எழுந்தார்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லலாம், அதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு சி.எஸ்.ஐ. டீச்சரும் பாட்டியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். டீச்சர் பக்கம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே.’ பாட்டி பக்கம் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே.’ முதல் வார்த்தையிலேயே மோதல். கிட்டே இருக்கிற பாக்ஸுக்கும் தூரத்து பாக்ஸுக்கும் டிலே, அதாவது சத்தம் வந்து சேருகிற நேரம், சரி செய்யாமல் விட்டால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. இந்தப் பக்கம் ‘நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்றால் அந்தப் பக்கம் ‘பெயர் தூயது எனப் போற்றப்பெறுக’ என்று ஓடுகிறது. கடைசியில் ஆர்.சி.க்காரர்கள் ‘தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்’ என்று முடித்து உட்காரப் போனார்கள். இந்தப் பக்கம் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ இன்னும் பாக்கி இருந்தது. பாதி உட்கார்ந்தவர்கள் மறுபடி எழுந்தார்கள். ஒரு சின்னப் பையன் சத்தமாகச் சிரித்துவிட்டான். அவன் அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பாட்டி கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. முதல்ல நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம். அப்புறம் நாங்க சொல்றோம், நீங்க கேளுங்க."

அப்படியே நடந்தது. முதலில் டீச்சர், கூடவே நான், இன்னும் நாலு பேர். அப்புறம் பாட்டியும் அவர்கள் ஆட்களும். 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாக ஒரு பைபிள் கொண்டுவந்தார்கள். என் வீட்டு மேஜையில் அது எத்தனையோ வருஷமாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை எடுத்து வாசிப்பவர்கள் குறைவு, எங்களுக்குப் பழசு வாயில் ஏறிவிட்டது. அதனால் அந்த ஜெபத்தை அவர்கள் வார்த்தையில் ஒழுங்காக நான் கேட்டது அன்றைக்குத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து. ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ என்று நாங்கள் சொன்னோம். ‘எங்கள் அன்றாட உணவை’ என்று அவர்கள் சொன்னார்கள். வண்டி வராத ராத்திரியில் அந்த வரியை யாரும் அவசரமாகச் சொல்லவில்லை. ஒரு பெந்தெகொஸ்தே அக்கா, மனப்பாட ஜெபம் சொல்கிற பழக்கமே இல்லாதவர், குழந்தையின் தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். இரண்டு தடவையும் ஆமென் சொன்னது அவர்தான், எங்களைவிடத் தெளிவாக.

பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு இந்து அம்மா கேட்டார்: "உங்களுக்குச் சாமி ஒண்ணுதானே, அப்புறம் ஏன் ரெண்டு வாட்டி?" யாரும் பதில் சொல்வதற்குள் வெளியே வண்டி ஹாரன் கேட்டது. தக்காளி சாதம்.

ஒரு வரி மட்டும் அதற்குப் பிறகு எனக்குத் தொண்டையில் நிற்கிறது. எங்கள் ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று வரும். ஆர்.சி.யில் ‘எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை’ என்று வரும். சபைகளிடமிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கியை எழுதிவைத்த நோட்டு கல்லாப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கள் வரியைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஆர்.சி. வரி எனக்கு வசதி என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். "மைக்கை உடைச்சது குற்றம் இல்லையா?" என்றாள். ஆக, எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க வழியில்லை.

அந்தப் போதகர் மேடையில் முக்கியமாக எடுத்தது யோவான் 17-ஆம் அதிகாரத்தில் இயேசு செய்கிற ஜெபத்திலிருந்து, ‘அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்’ என்பது. சி.எஸ்.ஐ. முத்திரையிலேயே இருக்கிற வசனம். அதே ஜெபத்தில், அதற்குக் கொஞ்சம் முன்னால், இவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிட நான் கேட்கவில்லை, தீமையிலிருந்து காக்கத்தான் கேட்கிறேன் என்று இயேசு சொல்கிறார். ஒன்றாயிருப்பது எதற்கு என்றும் அங்கேயே சொல்கிறார்: உலகம் விசுவாசிப்பதற்காக. நாங்கள் உலகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தால், அந்தத் தக்காளி சாத ராத்திரியில் கேட்ட அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

பெரிய மேடையை நான் நம்பவில்லை. நம்பிக்கை வருகிற இடம் வேறு. மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை பெண்கள் உலக ஜெப நாள் வைக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு நாட்டுப் பெண்கள் ஜெப ஒழுங்கை எழுதித் தருகிறார்கள், உலகம் முழுக்க அதையே வாசிக்கிறார்கள். 2025-இல் குக் தீவுகள். "அது எங்கங்க இருக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பசிபிக் கடலில், நியூசிலாந்துக்கு அந்தப் பக்கம் என்று மகன் போனில் பார்த்துச் சொன்னான். ஆர்.சி., லுத்தரன், சி.எஸ்.ஐ. என்று ஒரு நாற்பது பெண்கள், ஒரு மைக், ஒரு பாக்ஸ். ஆளுக்கொரு பத்தி வாசித்தார்கள். ஒருவர் கண்ணாடியை மறந்து வந்திருந்தார், பக்கத்து சபைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். முடிந்ததும் சுண்டல், டீ. எங்கேயும் ஃபிளெக்ஸ் இல்லை. உங்கள் பேப்பரிலும் அது வரவில்லை. குறை சொல்லவில்லை, அவர்களும் யாரையும் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் செய்யலாம், காசு செலவில்லாதது. ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் என்று ஒன்று உண்டு. பிரதமருக்கு, முதலமைச்சருக்கு, மிஷனரிகளுக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, வியாதியஸ்தருக்கு எல்லாம் ஜெபிக்கிறோம். பக்கத்துத் தெருச் சபையின் பெயரைச் சொல்லி, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபித்ததை 1989-இலிருந்து இன்றுவரை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அவர்கள் போதகர் பைக்கில் போய் விழுந்து காலை உடைத்துக்கொண்ட வாரம் அது. கால் சரியானதும் அந்த ஜெபம் நின்றுவிட்டது.

ஜனவரி 18 முதல் 25 வரை உலகம் முழுக்கக் கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக ஜெபிக்கிற வாரம். 1908-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. இங்கே பொங்கல் விளையாட்டுப் போட்டிகளெல்லாம் முடிந்து என் செட் சும்மா கிடக்கிற வாரமும் அதுதான். அந்த எட்டு நாளில், கடலூரில் எந்த இரண்டு சபை ஓரிடத்தில் கூடி ஜெபித்தாலும் மைக் செட் என் செலவு. வாடகை வேண்டாம், ஆள் கூலி வேண்டாம், ஜெனரேட்டர் டீசலுக்கும் நானே கொடுக்கிறேன். ஒரு மைக், ஒரு பாக்ஸ் தருவேன். இரண்டு சபையும் ஒரே மைக்கில் முறை வைத்துப் பேச வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடாது, கூம்பு ஸ்பீக்கர் கிடையாது, இரண்டுக்கும் போலீஸில் பேச என்னால் முடியாது. எக்கோ திருகை நான் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.

என் பெயரையும் கடைப் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டால் அந்த இரண்டு கன்வென்ஷன் ஆர்டரும் போய்விடும். செட் தேவைப்படுகிறவர்கள், அன்றைக்குப் படத்தில் இருக்கிற கூட்டத்துக்கு மைக் போட்டது யார் என்று முதுநகரில் கேட்டால் போதும், சொல்வார்கள்.

இப்படிக்கு,
மைக் செட் கடைக்காரர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.